பிராண்டிஸ் பெருமகனாரும் காட்டுத் தீயும்

தீயைப்போல் மக்கட்கு நட்பும் பகையும் ஒருங்கே ஆவது பிறிதொன்றில்லை. அடுப்பில் அடங்கியிருக்குங்கால் அஃது அன்னமூட்டும் தாய். கூரையேறியவழி அதுவே கூற்றுவன். இவ்வுண்மையை வீட்டிலும் வீதியிலும் அறிந்த நாம், காட்டில் எழும் தீயைப் பற்றி மட்டும் தெளிந்த கருத்துடையோம் அல்லோம். மாந்தர் காலடி படாத பெருங்காட்டில் மின்னல் வீழ்ந்து மரமொன்று பற்றி எரியுமாயின், ஓடிச்சென்று அதனை அவித்தல் முறையோ? அன்றி, எல்லை கடவாதபடி கண்காணித்து, எரியுமளவும் எரியவிடுதல் முறையோ? இன்று பல நாடுகளிலும் காட்டுத்துறையினர் நெஞ்சை அலைக்கும் வினா இது. இதன் வரலாற்றைப் பின்னோக்கித் தேடிச் செல்வோமாயின், அதன் வேர்களுள் ஒன்று நம் இந்திய நாட்டுக் காடுகளில் ஊன்றியிருத்தலையும், அவ்வேரினருகே டீட்ரிக் பிராண்டிஸ் என்னும் செருமானியப் பேரறிஞர் நிற்றலையும் காண்போம்.

மணலி புதுநகரில் வாழும் எமக்குக் காடென்பது பெரும்பாலும் ஏட்டிற் கண்ட பொருளே. ஆலைகளின் புகைபோக்கிகளும், எண்ணூர்க் கழியும், கொற்றலையாறும், துறைமுகம் நோக்கி ஓயாது செல்லும் சரக்கு வண்டிகளுமே எம் கண்ணுக்குரிய காட்சிகள். ஆயினும் எம்மூர்க்கு அணித்தாகிய இராயபுரம் காட்டின் வரலாற்றிற்குப் புறம்பானதன்று. 1856-ஆம் ஆண்டு தென்னாட்டின் முதற் புகைவண்டி இராயபுரத்தினின்று ஆர்க்காட்டுப் பக்கம் நோக்கிப் புறப்பட்டது. தண்டவாளத்தின்கீழ்க் கிடத்தற்குக் கட்டைகளும், எஞ்சினின் வயிற்றை நிரப்புதற்கு விறகும் காடுகளினின்றே வந்தன. அவ்வாண்டின் சனவரித் திங்களில் பிராண்டிஸ் பர்மாவின் பெகு நாட்டுக் காடுகளின் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டின் இறுதியில் கிளெக்ஹார்ன் என்னும் மருத்துவர் சென்னை மாகாணக் காடுகளின் காவல் தலைவராக அமர்ந்தார். காட்டை உண்ணும் பசியும் காட்டைக் காக்கும் எண்ணமும் ஓராண்டிலேயே அடுத்தடுத்து உருக்கொண்டன எனலாம். அவ்விரண்டற்கும் இடையே நின்று உழைத்த பிராண்டிஸ் பெருமகனாரின் வாழ்க்கையை, அவர் தீயோடு கொண்ட தொடர்பினை நடுவாக வைத்து, ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

பிராண்டிஸ் 1824-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31-ஆம் நாள் செருமானிய நாட்டில் ரைன் ஆற்றங்கரையிலுள்ள பான் நகரத்தில் பிறந்தார். அவர்தம் தந்தையார் கிறிஸ்டியன் ஆகஸ்டு பிராண்டிஸ், பான் பல்கலைக்கழகத்தில் தத்துவநூற் பேராசிரியர். கிரேக்க மெய்ந்நூல்களில் ஆழ்ந்த புலமையுடையவர். கிரேக்க நாட்டை அந்நாளில் ஆண்ட ஓட்டோ மன்னன் அவரைத் தன் அவைக்கு அழைத்துக்கொண்டமையால், இளைஞர் பிராண்டிஸ் தம் பதின்மூன்றாம் அகவையில் ஏதென்ஸ் நகர் சென்று சில ஆண்டுகள் வாழ்ந்தார். பண்டைக் காலத்தில் மரஞ்செறிந்திருந்த மலைகள் பிற்காலத்து மொட்டைப் பாறைகளாய் நிற்பதற்குக் கிரேக்க நாடு பெயர்பெற்றது.

பின்னர்க் கோப்பன்ஹேகன், கெட்டிங்கன், பான் ஆகிய பல்கலைக்கழகங்களில் கற்றுத் தாவரநூலில் 1848-ஆம் ஆண்டு பண்டிதப் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே பான் நகரில் விரிவுரையாளராய் அமர்ந்தார். செடிகொடிகளின் இலக்கணத்தை அமைதியான அறையொன்றில் மாணவர்க்கு ஓதி வாழ்நாளைக் கழித்திருக்க வேண்டிய அவர், யானை மேலேறிக் காடுகாடாய்த் திரிய நேர்ந்தது ஒரு திருமணத்தின் பயனாகும்.

மணமும் அழைப்பும்

1854-ஆம் ஆண்டு பிராண்டிஸ் ராக்கேல் என்னும் அம்மையாரை மணந்தார். இவ்வம்மையார் வங்காளத்துச் சேராம்பூரில் கேரியாரோடும் வார்டு ஐயரோடும் கூடி அருட்பணியும் அச்சுப்பணியும் ஆற்றிய யோசுவா மார்ஷ்மன் ஐயரின் திருமகளார். தாவரநூல் வல்ல டேனிய மருத்துவர் ஒருவரை முன்னர் மணந்து கைம்மையுற்றவர். அம்மையாரின் உடன்பிறந்தாள் ஒருவர் ஹாவ்லக் என்னும் படைத்தலைவரின் மனைவி. இவ்வுறவின் வழியே பிராண்டிஸின் பெயர் கவர்னர் ஜெனரலாயிருந்த டல்ஹவுசிப் பிரபுவின் செவிக்கு எட்டியது.

அந்நாளில் கீழ்ப் பர்மாவாகிய பெகு நாடு ஆங்கிலேயர் கையில் புதிதாய் வீழ்ந்திருந்தது. கப்பற் கட்டுமானத்திற்கு இன்றியமையாத தேக்கு அங்குப் பெருங்காடாய் வளர்ந்திருந்தது. மரவணிகர் எல்லை கண்டிலர்; வெட்டியது போக எஞ்சியது எவ்வளவு என்பதை அறிந்தாரும் இலர். அக்காடுகளைக் காத்தற்குத் தாவரநூலறிந்த ஒருவர் வேண்டுமென டல்ஹவுசி கருதினார். பிராண்டிஸ் அழைக்கப்பெற்றார், தம் 31-ஆம் அகவையில் கடல் கடந்தார்.

மூங்கிற் கழியில் எழுதிய கணக்கு

பெகுவில் அவர் முதற்கண் செய்தது ஆணை பிறப்பித்தலன்று, எண்ணுதல். ஒரு காட்டில் எத்துணைத் தேக்கு மரங்கள் உள்ளன, அவற்றுள் முதிர்ந்தவை எத்துணை, இளையவை எத்துணை என்பதறியாது வெட்டுதற்கு உரிமை அளித்தல், முதலின் அளவறியாது செலவு செய்யும் வணிகனின் செயலை ஒக்கும் என்பது அவர் கருத்து. ஆயின் கணக்கற்ற மரங்களை யாங்ஙனம் எண்ணுவது? யானைமீதமர்ந்து, காட்டினூடே நேர்கோடு போலும் ஒரு வழியிற் சென்று, அவ்வழியின் இருமருங்கும் தோன்றும் தேக்கு மரங்களைப் பருமன் வேறுபாட்டால் வகுப்பு வகுப்பாகப் பிரித்து எண்ணிவந்தார். வழிநெடுக மழையும் வியர்வையும். ஏடும் மையும் பயன்படா. ஆதலின் வகுப்பிற்கொன்றாக மூங்கிற் கழிகளைக் கையிற் கொண்டு, மரத்திற்கொரு வெட்டாகக் கத்தியாற் குறித்துக்கொண்டார். மாலையில் தங்குமிடம் சேர்ந்தபின் அவ்வெட்டுக்களை எண்ணி ஏட்டிற் பொறித்தார். நம் ஊர்ப் பால்காரர் சுவரிற் கோடிட்டுக் கணக்கு வைத்தது போன்ற எளிய முறை இது. எனினும் வெப்ப நாட்டுக் காடுகளின் கணக்கியல் அக்கழிகளினின்றே வளர்ந்தது.

இக்கணக்கினின்று அவர் ஒரு விதியை வகுத்தார். ஆறடிச் சுற்றளவிற்கு மேற்பட்ட முதல் வகுப்பு மரங்களுள், இரண்டாம் வகுப்பினின்று வளர்ந்து அவ்விடத்தை நிரப்பவல்ல அளவினையே ஆண்டுதோறும் வெட்டுதல் வேண்டும் என்பது அவ்விதி. வட்டியை உண்டு முதலைக் காத்தல் என்று இதனைக் கூறலாம். மரவணிகர் இதனை வெறுத்தனர். அவர்தம் எதிர்ப்பு பெரிதாயிருந்தும் பிராண்டிஸ் தளர்ந்திலர்.

இங்குத்தான் தீ அவர்தம் வாழ்வில் நுழைந்தது. பச்சைத் தேக்கு நீரில் மிதவாது. ஆதலின் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டி, நின்றபடியே அதனை உலரவிட்டு, ஆண்டு சில கழிந்தபின் வீழ்த்தி ஆற்றில் மிதக்கவிடுதல் அந்நாட்டு வழக்கம். இவ்வாறு உலர்ந்து நிற்கும் மரமே வேனில் தீக்கு எளிய இரையாகும். மாசி தொடங்கித் தேக்கு இலையுதிர்க்கும்; சருகு முழங்காலளவு குவியும்; சித்திரைக்குள் ஒரு பொறி வீழ்ந்தால் மலைமுழுதும் தரையோடு எரியும். பல ஆண்டு காத்த முதல் ஓரிரவிற் கரியாதலும் உண்டு.

தீயை ஏவல்கொண்ட மலைவாணர்

பெகு மலைகளில் கரேனியர் என்னும் குடியினர் வாழ்ந்தனர். அவர்கள் காட்டின் ஒரு கூற்றை வெட்டி, உலர்த்தி, எரித்து, அச்சாம்பலில் நெல் விதைத்து, ஓரிரண்டு ஆண்டு விளைவு கொண்டபின் அவ்விடத்தை விட்டு வேறிடஞ் செல்வர். இதனைப் பர்மிய மொழியில் தௌங்யா என்பர். மலைப்புனம் என்பது பொருள். தமிழ் கற்போர்க்கு இவ்வாழ்க்கை புதிதன்று. குறிஞ்சி நிலத்துக் குறவர் புனஞ்சுட்டுத் தினை விதைத்து, மகளிர் பரண்மீதிருந்து கிளி கடிந்த காட்சிகளைச் சங்க நூல்கள் நமக்குக் காட்டியிருக்கின்றன. மூங்கில் ஒன்றோடொன்று உராய்ந்து தீப்பிறத்தலையும் பண்டையோர் பேசியுள்ளனர். ஆகவே மலையும் தீயும் மக்களும் ஒரு குடும்பமாய் வாழ்ந்தமை நம் இலக்கியம் அறிந்ததே.

அரசினர் கண்ணுக்கோ இவ்வெரிப்பு ஒரு குற்றமாகவே தோன்றிற்று. நம் சென்னை மாகாணத்திலும் குமரி என்னும் பெயரால் வழங்கிய இவ்வேளாண்மையை அடக்குதற்கு முயற்சிகள் நிகழ்ந்தன. பிராண்டிஸ் வேறு வழியை எண்ணினார். கரேனியர் எரிக்கும் புனத்தில், நெல்லோடு தேக்கின் விதையும் ஊன்றப்பெறுமாயின், அவர்கள் புனத்தை விட்டகலும் நாளில் வரிசையாய் எழுந்த தேக்கங்கன்றுகள் அங்கு நிற்குமன்றோ? எரித்தவன் கையே நட்ட கையும் ஆகும்; தீ காட்டின் பகையாதலை விடுத்து உழவுக்கருவி ஆகும். இத்திட்டம் ஒருநாளில் வேரூன்றவில்லை. மலைவாணர் நம்புதற்குப் பல்லாண்டு ஆயின. 1860-களின் இறுதி தொடங்கி அது செழித்து, பின்னர்த் தௌங்யா முறை என்னும் பெயரோடு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பரவிற்று.

இதன் மறுபுறத்தையும் கூறாதொழிதல் நடுவுநிலைமையன்று. நட்ட தேக்கு அரசினர்க்கே உரியதாயிற்று. நட்டவன் மீண்டும் அந்நிலத்திற்குத் திரும்ப இயலாதவனானான். மலையின் உரிமையாளனாயிருந்தவன் மெல்ல மெல்லக் காட்டுத்துறையின் கூலியாளானான். எனினும் தீயிடும் மக்களைத் துரத்தாது, அவர்தம் அறிவைப் பணியில் இணைத்துக்கொள்ள ஓர் அலுவலர் அந்நாளில் முயன்றமை பாராட்டற்குரியதேயாகும்.

தீக்காப்பு

1862-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கத்தார் பிராண்டிஸை நாடு முழுமைக்கும் அறிவுரை கூறுமாறு அழைத்தனர். 1864-ஆம் ஆண்டு இந்தியக் காட்டுத்துறை நிறுவப்பெற்றது. அவரே அதன் முதல் தலைமைக் கண்காணிப்பாளரானார். அதற்கு முந்திய ஆண்டிலேதான் ராக்கேல் அம்மையார் இறந்துபட்டார். அத்துயரைத் தாங்கிக்கொண்டு இமயம் முதல் பர்மா வரையுள்ள காடுகளின் பொறுப்பைத் தோளில் ஏற்றார்; மூன்றாண்டு கழித்துக் கதரீனா என்னும் அம்மையாரை மறுமணஞ் செய்துகொண்டார்.

அக்காலத்தில், இந்தியக் காட்டில் வேனில் தீயைத் தடுத்தல் இயலாதென்பதே பலர் துணிபு. ஆடுமாடு மேய்ப்போர் புதுப்புல் முளைத்தற்கென்று தீயிடுவர். இலுப்பைப்பூப் பொறுக்குவோர் மரத்தடிச் சருகை அகற்றத் தீயிடுவர். தேனெடுப்போரின் பந்தம் வீழும். வழிப்போக்கர் அவியாது விட்ட அடுப்பு புகையும். நம் நாட்டில் மின்னலால் மூளும் காட்டுத்தீ மிக அரிது. இடிமின்னல் இங்குப் பெரும்பாலும் மழையோடு கைகோத்தே வருதலின், மூட்டிய தீயை வானமே அவித்துவிடும். ஆகவே இந்நாட்டுக் காட்டுத்தீயில் மிகப் பெரும்பகுதி மாந்தர் கைப்பட்டதே.

மத்திய மாகாணங்களில் காவல் தலைவராயிருந்த பியர்சன் என்னும் படைத்துறையாளர், சாத்பூரா மலையிலுள்ள போரிக் காட்டை 1864–65-ஆம் ஆண்டுகளிலே தீயினின்று காக்கத் தலைப்பட்டார். காட்டைச் சுற்றியும் ஊடறுத்தும் அகன்ற கோடுகளை வெட்டி, வேனிலின் தொடக்கத்திலேயே அக்கோட்டிலுள்ள புல்லையும் சருகையும் தாமே எரித்து வெறுமையாக்கி, காவலரை நிறுத்தி, சூழவுள்ள ஊராரோடு பேசி உடன்பாடு கண்டு, தீ புகாதபடி செய்தார். எள்ளி நகையாடினோர் வியந்தனர். பிராண்டிஸ் இவ்வெற்றியைக் கண்டு, அதனை நாடு முழுதும் பரப்புதலைத் தம் கடனாகக் கொண்டார். சில ஆண்டுகளுள் தீக்காப்பு இந்தியக் காட்டுத்துறையின் முதற் கடமையாயிற்று. எத்துணை நிலப்பரப்பு தீயின்றிக் கழிந்தது என்பதே ஓர் அலுவலரின் திறமைக்கு அளவுகோலாயிற்று.

ஈண்டொரு நுட்பம் நோக்கத்தக்கது. பெரிய தீயைத் தடுத்தற்குச் சிறிய தீயை இட்டனர். எம் மணலிச் சுத்திகரிப்பு ஆலையின் உயர்ந்த குழாயுச்சியில் எரியும் சுடரைப் புதியோர் கண்டு அஞ்சுவர். அடக்கி வைத்தற்கியலாத வாயுவை உயரத்தில் எரித்துவிடுதலால் கீழே பெருந்தீங்கு நேராமற் காக்கின்றனர் என்பதை இவ்வூரார் அறிவர். அளவறிந்து எரித்தல் காவலின் ஒரு பகுதி. காட்டுக் கோடுகளில் இவ்வுண்மையைக் கையாண்டோர், காட்டின் உள்ளே அதனை மறந்தமையே பின்வந்த சிக்கலுக்குக் காரணமாயிற்று.

சட்டமும் ஊரும், சென்னை மாகாணம்

1865-ஆம் ஆண்டு முதற் காட்டுச் சட்டமும், 1878-ஆம் ஆண்டு அதனினும் கடுமையான இரண்டாம் சட்டமும் எழுந்தன. காட்டிற்குத் தீயிடுதல் தண்டத்திற்குரிய குற்றமாயிற்று. ஒதுக்கப்பெற்ற காட்டில் வேண்டுமென்றோ பெருங்கவனக்குறைவாலோ தீமூட்டப்படுமாயின், அக்காட்டில் மேய்ச்சலுரிமையையும் விளைபொருள் கொள்ளும் உரிமையையும் நிறுத்திவைக்க அரசு அதிகாரம் பெற்றது. ஒருவன் இட்ட தீக்குப் பலர் அடுப்பு அவியும் நிலை இது.

எல்லாக் காட்டையும் அரசே கொள்ளல் வேண்டுமென்று வாதித்தார் ஒருசாரார். ஊரார்க்கு வழிவழி வந்த உரிமையைத் தொடுதல் கூடாதென்று வாதித்தார், நம் சென்னை அரசாங்கத்து அலுவலருள் பலர். பிராண்டிஸ் இவ்விரண்டற்கும் இடைப்பட்ட வழியை நாடினார். அரசின் காடு ஒருபுறம் இருக்க, ஊர்தோறும் ஊராரே பேணும் காடு ஒன்று இருத்தல் வேண்டுமென்று பன்முறை வற்புறுத்தினார். கூர்க்கு நாட்டின் தேவரகாடுகளைப் போன்ற தெய்வக்காடுகளை அவர் ஆர்வத்தோடு ஆராய்ந்து, காடு பேணும் மரபு இந்நாட்டார்க்குப் புதிதன்று எனக் காட்டினார். ஊர்க்காடு பற்றிய விதி சட்டப் புத்தகத்தில் ஏறியது. நடைமுறையில் பெரிதும் ஏட்டளவிலேயே நின்றது.

1881-ஆம் ஆண்டு முதல் 1883-ஆம் ஆண்டு வரை அவர் சென்னை மாகாணத்தில் தங்கிக் காட்டாட்சியைச் சீர்திருத்தினார். 1882-ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுச் சட்டம் அக்காலத்தில் எழுந்ததேயாகும். விறகும் மேய்ச்சலும் உழவன் வாழ்விற்கு இன்றியமையாதன என்பதை அவர் அறிந்திருந்தும், கோட்டினுள் காலெடுத்து வைத்த ஆட்டுக்காரனுக்கு அச்சட்டம் காவலன் உருவிலேயே காட்சியளித்தது. காட்டைத் தன்னதென்று கருதாத மக்கள் அதனைத் தீயினின்று காப்பரோ? 1921-ஆம் ஆண்டு இமயத்தின் குமாவோன் மலைகளில் அரசின் காட்டு விதிகளை வெறுத்த மக்கள் பைன் மரக் காடுகளுக்குத் தீயிட்டு எதிர்த்த நிகழ்ச்சி இவ்வினாவிற்கு விடையாக நிற்கின்றது.

ஆசிரியரும் மாணாக்கரும்

பிராண்டிஸின் பணிகளுள் நிலைபெற்றது கல்விப்பணி. ஷ்லிக், ரிப்பென்டிராப் என்னும் செருமானிய அறிஞரை 1866-ஆம் ஆண்டு இந்தியாவிற்கு வருவித்தார். இளைஞரைப் பிரான்சிற்கும் செருமானியத்திற்கும் அனுப்பிக் கற்பித்தார். இந்தியர்க்கு இந்நாட்டிலேயே பயிற்சியளித்தல் வேண்டுமெனக் கருதி 1878-ஆம் ஆண்டு டேராடூனில் காட்டுக்கல்லூரி தோன்றச் செய்தார். ஷ்லிக் 1875-ஆம் ஆண்டு தொடங்கிய இந்தியன் பாரஸ்டர் என்னும் இதழ் காட்டலுவலர் தம் கருத்தை அஞ்சாது கூறும் அவையாக விளங்கிற்று.

அவ்வவையிலேதான் 1896-ஆம் ஆண்டு ஓர் எதிர்க்குரல் எழுந்தது. பர்மாவில் பணியாற்றிய ஸ்லேட் என்னும் அலுவலர், அந்நாட்டில் தீக்காப்பு அளவு மிஞ்சிவிட்டதென்று எழுதினார். அவர் கண்டது யாது? பல்லாண்டு தீ புகாத ஈரமான தேக்குக் காட்டில் இளந்தேக்குக் காணப்படவில்லை. தேக்கங்கன்று வெயிலை விரும்புவது. அதன் கடினமான விதை வெப்பம்பட்டு எளிதில் முளைப்பது. தீயின்றி மூங்கிலும் பிற நிழல்மரங்களும் செறிந்தமையால் தேக்கின் குழவிகள் ஒளியின்றி மாய்ந்தன. எந்த மரத்தைக் காத்தற்குத் தீயை விலக்கினரோ, அம்மரமே தீயின்மையால் அருகிற்று! இக்கருத்து வாதப்போரை மூட்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்மாவின் ஈரத் தேக்குக் காடுகளில் தீக்காப்பு கைவிடப்பட்டது. வங்காளத்திலும் அசாமிலும் சால மரக் காடுகளில் இதே குறை கண்டு, அளவறிந்து எரித்தலை மீண்டும் மேற்கொண்டனர்.

இதனால் தீக்காப்பு முழுதும் தவறென்பது பொருளன்று. வறண்ட காட்டில் ஆண்டுதோறும் எரியும் தீ கன்றுகளை எல்லாம் மாய்க்கும். ஈரக் காட்டில் இடையிடையே எரியும் தீ கன்றுக்கு இடந்தரும். ஒரே ஆணை இரண்டற்கும் பொருந்தாது. பெகுவில் மரம்மரமாய் எண்ணிய பிராண்டிஸின் முறையைத் தீக்கும் கையாண்டிருந்தால், காடுதோறும் வேறுபடும் இவ்வுண்மை முன்னரே புலப்பட்டிருக்கும் என்பது எம் கருத்து.

கடல் கடந்த பாடம்

1883-ஆம் ஆண்டு ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிய பிராண்டிஸ் ஓய்ந்திருந்திலர். இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில் கல்லூரி மாணாக்கரை ஆண்டுதோறும் ஐரோப்பியக் காடுகளுக்கு அழைத்துச் சென்று கற்பித்தார். அவரை நாடி வந்தோருள் கிப்போர்டு பின்ஷோ என்னும் அமெரிக்க இளைஞரும் ஒருவர். 1889-ஆம் ஆண்டு ஐரோப்பா வந்த அவர் பிராண்டிஸைத் தம் குருவாகக் கொண்டார். தாயகம் திரும்பியபின்னும் கடிதவழி அறிவுரை பெற்றார். 1905-ஆம் ஆண்டு அமெரிக்கக் காட்டுப்பணி நிறுவப்பெற்றபோது அதன் முதல் தலைவர் இப்பின்ஷோவே. இந்தியக் காடுகளில் முதிர்ந்த ஆட்சிமுறை இவ்வாறு மேலைக்கடல் கடந்தது.

அமெரிக்காவின் மேற்குமலைகளோ நம் நாட்டினின்று வேறுபட்டவை. அங்குக் கோடையில் உலர்மின்னல் என்பதொன்று உண்டு: முகில் இடிக்கும், மின்னல் பாயும், மழையோ நிலந்தொடுமுன் காற்றிலேயே உலர்ந்துவிடும். நூறு கல்தொலைவில் ஊரில்லாத மலைமுகட்டில் ஓரிரவிற் பல தீக்கள் மூளும். 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், மின்னலாலும் புகைவண்டிப் பொறியாலும் மூண்ட தீக்கள் பல பெருங்காற்றால் ஒன்றாகி, இரண்டே நாளில் ஏறத்தாழ 30 இலட்சம் ஏக்கர் காட்டை எரித்தன. தீயணைக்கச் சென்றோர் உள்ளிட்டு 80 பேர்க்கு மேல் மாண்டனர். அத்துயரத்தினின்று ஒரு கடுமையான கொள்கை பிறந்தது. எவ்விடத்து எத்தீ மூண்டாலும் மறுநாட் காலை பத்துமணிக்குள் அதனை அடக்குதல் வேண்டுமென்று 1935-ஆம் ஆண்டு விதித்தனர்.

பல்லாண்டு இவ்வாறு அவித்ததன் விளைவு யாது? மின்னற்றீ இடையிடையே துடைத்துவந்த சருகும் சிறுமரமும் எரியாது குவிந்தன. பின்னர் மூண்ட தீ தரையோடு செல்லாது மரமுடியேறிப் பேருருக் கொண்டது. பர்மாவில் ஸ்லேட் கண்ட படிப்பினை வேறு வடிவில் அங்கும் தோன்றியது. ஆகவே 1972-ஆம் ஆண்டு, ஐடகோ, மொன்டானா மாநிலங்களின் எல்லையிலுள்ள செல்வே–பிட்டர்ரூட் என்னும் வனப்பெருவெளியில், மின்னலால் மூண்ட தீயை அவியாது கண்காணிக்கும் முறையை அமெரிக்கக் காட்டுப்பணியினர் கையாளத் தொடங்கினர். அத்தீ எங்குள்ளது, விறகின் ஈரம் எவ்வளவு, காற்று எத்திசையது, ஊர் எத்துணைத் தொலைவு என்பவற்றை நாடோறும் அளந்து, வகுத்த எல்லைக்குள் நிற்குமளவும் எரியவிடுவர். எல்லை கடக்குமென்று தோன்றின் தடுப்பர். இதுவும் இடரற்றதன்று. 1988-ஆம் ஆண்டு எல்லோஸ்டோன் பூங்காவில் இவ்வாறு விடப்பட்ட தீக்கள் சில வறட்சியாலும் காற்றாலும் கைமீறிப் பெரும்பரப்பை எரித்தமையால் கடுங்கண்டனம் எழுந்தது, விதிகளும் இறுகின. தீயை எரியவிடுதல் சோம்பலன்று. அவித்தலினும் மிகுந்த விழிப்பை வேண்டும் பணி.

இறுதி நாட்கள்

இப்போராட்டங்களைக் காணப் பிராண்டிஸ் உயிரோடிருந்திலர். 1887-ஆம் ஆண்டு ஸர் பட்டம் பெற்ற அவர், முதுமையில் தம் இளமைக் காதலாகிய தாவரநூலுக்கே திரும்பினார். இந்திய மரங்கள், செடிகள், கொடிகள், மூங்கில்கள், பனையினங்கள் ஆகியவற்றைத் தொகுத்து உரைக்கும் பெருநூலை அரும்பாடுபட்டு எழுதி, 82-ஆம் அகவையில் 1906-ஆம் ஆண்டு வெளியிட்டார். மறு ஆண்டு மே 28-ஆம் நாள், தாம் பிறந்த பான் நகரிலேயே உயிர்நீத்தார். யானைமீதமர்ந்து கழியில் வெட்டிட்டு எண்ணத் தொடங்கிய கை, இறுதிவரை எண்ணிக்கொண்டேயிருந்தது.

முடிவுரை

இவர் வாழ்வு நமக்குக் கற்பிப்பது யாது? காட்டைக் காத்தற்கு ஆணையினும் அறிவு முந்துதல் வேண்டும்; அவ்வறிவில் ஒரு பாதி அளவையால் வருவது, மறுபாதி அங்கு வாழும் மக்களிடமிருந்து வருவது. இவ்விரண்டையும் நாடியவிடத்துப் பிராண்டிஸ் வென்றார். அவர் நிறுவிய துறை இவ்விரண்டையும் மறந்து, எல்லாத் தீயும் பகையென ஒரே தீர்ப்புக் கூறியவிடத்துக் காடே அத்தீர்ப்பை மறுத்தது.

இஃது பழங்கதையன்று. 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மூண்ட தீயில், மலையேறச் சென்றோருள் 20 பேர்க்கு மேற்பட்டோர் உயிரிழந்ததைத் தமிழ்நாடு மறவாது. முதுமலை முதலிய நம் இலையுதிர் காடுகளில் உண்ணிச்செடி புதராய் மண்டி வேனில் தீக்கு விறகாகின்றது. பிலிகிரி ரங்கன் மலைச் சோலகர், தாம் முன்னாளில் வேனிலின் தொடக்கத்தில் இட்டுவந்த சருகுத்தீ தடுக்கப்பட்டமையே இப்புதர் பெருகியதற்குக் காரணம் என்று கூறிவருகின்றனர். டேராடூனிலுள்ள இந்திய வன அளவைத் துறை 2004-ஆம் ஆண்டு முதல் செயற்கைக்கோள் வழியே தீ மூண்ட இடங்களைக் கண்டு மாநிலங்களுக்கு அறிவித்து வருகின்றது. விண்ணின்று நோக்கும் கண் நமக்கு வாய்த்துள்ளது. மலையில் நின்று நோக்கும் கண்ணாகிய சோலகரையும் குறும்பரையும் அருகழைத்துக் கேட்கும் செவி இன்னும் முழுதும் வாய்க்கவில்லை.

நம் கல்லூரியினின்று காட்டுத்துறைக்கும் ஆட்சித்துறைக்கும் செல்லவிருக்கும் தோழர்கள் பலர் இருப்பர். ஒரு மலையின் தலைவிதியை எழுதும் கோல் அவர்கள் கைக்கு வருங்கால், பிராண்டிஸ் பெருமகனாரின் மூங்கிற் கழியை நினைவுகூர்வாராக. முதலில் எண்ணுக, அடுத்து வினவுக, ஆணையிடுதல் அதன்பின் ஆகுக.